மூளைக்குள் ஏன் ஒரு கடல் குதிரை?

கேள்வி: எங்கள் ஆச்சி சின்ன வயதில் பார்த்த ஆடித்தபசை நேற்று நடந்ததுபோலச் சொல்கிறாள், ஆனால் காலையில் காபி குடித்தது ஞாபகமில்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர் ‘ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருக்கிறது’ என்றார். அது என்ன, ஏன் இப்படி ஒரு பெயர்?
– ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்குக் கடல் குதிரை என்று பொருள், நம் தூத்துக்குடிக் கடலில் இருக்கிறதே, அதேதான். 1587-ல் இத்தாலியின் பொலோன்யாவில் அரான்சி என்ற உடற்கூறு அறிஞர் மூளையை அறுத்துப் பார்த்து, வால் சுருண்ட அந்த வடிவத்துக்கு இந்தப் பெயரை வைத்தார். வெள்ளைப் பட்டுப்புழு என்றும் சொல்லலாம் என்று சேர்த்தே எழுதினார், அது நிலைக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களுக்கு அது ஆட்டுக்கடாக் கொம்பாகத் தெரிந்திருக்கிறது. கடாக் கொம்புள்ள எகிப்தியக் கடவுள் அம்மோன் பெயரால் ‘அம்மோன் கொம்பு’ என்றார்கள், லத்தீனில் ‘கார்னு அம்மோனிஸ்’ (Cornu Ammonis, சுருக்கமாக CA), அதன் உட்பகுதிகளை இன்றைக்கும் சிஏ1, சிஏ2 என்று எழுதுவது அதிலிருந்து வந்ததுதான்.

இருக்கும் இடம், காதுக்கு நேர் உள்ளே, மூளையின் அடிப்பக்கம். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, கிட்டத்தட்டச் சுண்டுவிரல் நீளம். பாயின் ஓரம் உள்பக்கம் சுருண்டுகொண்டால் எப்படி இருக்கும், மூளையின் மேலுறை ஓரத்தில் அப்படிச் சுருண்டிருப்பதுதான் இது.

புதிதாக நடப்பதை ஞாபகமாகப் பதிய வைப்பது இதன் முக்கியமான வேலை. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நிற்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் இந்தப் பகுதியில் கணிசமான பங்கை எடுத்துவிட்டார்கள். அப்புறம் 2008-ல் இறக்கும்வரை, சற்றுமுன் பேசியவரைக்கூட அவருக்குத் தெரியாது, சிறுவயது நினைவுகள் மட்டும் இருந்தன. நெடுநாள் நினைவுகள் மூளையின் மேலுறையில் பரவிப் பதிந்துவிடுவதால்தான் ஆச்சியிடம் ஆடித்தபசு அப்படியே இருக்கிறது. காபி பதியவே இல்லை, பதியாததை அவள் எங்கிருந்து எடுத்துச் சொல்வாள்? அவள் மறுபடி காபி கேட்டால் ‘இப்பத்தானே குடிச்சிய’ என்று தயவுசெய்து யாரும் அதட்ட வேண்டாம், அவள் வேண்டுமென்றே அப்படிக் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைய மொலைசனைப் பழக்கினார்கள், முன்னால் வரைந்ததே ஞாபகமில்லாமல் நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார், ஏனென்றால் கைப்பழக்கம் மூளையில் வேறு இடத்தில் தங்குகிறது. ஆச்சிக்குப் பூத் தொடுத்த பழக்கம் இருந்தால், ஒரு கூறு பிச்சியும் நாரும் வாங்கி மடியில் போட்டுப் பாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆடித்தபசுக் கதையை இன்னொரு தடவை கேளுங்கள்.