அழுகைக் கோச்சியும் கடன் கொப்பியும்

கேள்வி: எனக்கு 52 வயது. தோட்டத்து முன்பள்ளியில் 24 வருஷமாக வேலை. இப்போது திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பள்ளிக் கல்வி படிக்கப் பதிந்திருக்கிறேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் என் கடைசி மகன் வயது. ‘மிஸ்’ என்று எழுந்து நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் சந்தேகம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. விட்டுவிடலாமா?
– வாசகி, கொட்டகலை

பதில்: விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. 1980இல் அந்தப் பல்கலைக்கழகத்தை ஆரம்பித்ததே வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான். அங்கே நீங்கள் விருந்தாளி இல்லை.

நான் 49 வயதில் வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தவள். சனி, ஞாயிறு விடியக் கருக்கலில் ஹட்டனில் பஸ் ஏறிக் கண்டி வகுப்புக்குப் போவேன். முதல் நாளே ஒரு பையன் என்னை விரிவுரையாளர் என்று நினைத்து முன்னால் கதிரையை இழுத்துப் போட்டான். அதில் போய் உட்கார்ந்தேன் பாருங்கள், அதுதான் நான் விட்ட பிழை. இரண்டு மாதம் விளங்கினாலும் விளங்காவிட்டாலும் தலையை ஆட்டினேன். டீச்சருக்குத் தெரியாது என்றால் கௌரவம் என்னாவது?

பிறகு என் கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ‘இது யாருடைய கருத்து?’ என்று ஓரத்தில் நான்கு இடத்தில் எழுதியிருந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மஸ்கெலியாப் பிள்ளை ஒருத்தி, இருபது வயதிருக்கும், பிளேன்டீ குடித்துக்கொண்டே சொன்னாள்: “மிஸ், கடைக் கடன் கொப்பி மாதிரித்தான். யாரிடம் என்ன வாங்கினோம் என்று எழுதி வைக்க வேண்டும்.” 27 வருஷம் படிப்பித்தவளுக்கு அடிக்குறிப்பு என்றால் என்னவென்று அன்றுதான் உறைத்தது. அடுத்த வாரம் அவள் பக்கத்து வாங்குக்கு மாறிவிட்டேன்.

இந்திய வம்சாவளித் தோட்ட மக்களை இந்தியாவும் இலங்கையும் பங்கு போட்டுக்கொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அந்தப் பிள்ளைக்கு மனப்பாடம். 1964, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இங்கே 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தது, எல்லாம் ஒப்பிப்பாள். நான் எங்கள் அத்தை கதையைச் சொன்னேன். ஹட்டன் ஸ்டேஷனில், இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னார் போகிற கோச்சி (ரயில்) நிற்கிறது. அழுகைக் கோச்சி என்று சும்மாவா பேர் வைத்தார்கள்? உள்ளேயும் ஒப்பாரி, வெளியேயும் ஒப்பாரி. அத்தை தன் கோழியைச் சீலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கோச்சி நகரும்போது ஜன்னல் வழியாக அதை அம்மா கையில் திணித்துவிட்டார்.

கண் கலங்குவாள் என்று பார்த்தால், அவள் கேள்வி கேட்கிறாள். “எந்த வருஷம் மிஸ்? இந்தியாவுக்குப் போக விண்ணப்பம் போட்டது அத்தையா, மாமாவா?” முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லும் கதை, எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். மாமாதான் எழுதிக் கொடுத்தாராம். தன் பேரும் அதில் இருப்பது அத்தைக்குக் கடைசியில்தான் தெரியுமாம். நான் கோழியையே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே, ‘மிஸ்’ வேண்டாம், ‘அக்கா’ போதும் என்று முதலில் சொல்லிவிடுங்கள். முதல் வாரத்திலேயே தெரியாத ஒன்றைச் சத்தமாகக் கேளுங்கள். இன்னொன்று, வகுப்புக்கே சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு போகாதீர்கள். நான் போனேன். ஒரு மாதத்தில் எல்லாருக்கும் அம்மாவாகிவிட்டேன். அம்மாவிடம் யார் பாடம் பேசுவார்கள்?

கேள்வி: வகுப்பில் வயதானவர்கள் பழங்கதை பேசியே நேரத்தைத் தின்கிறார்கள். மரியாதை கெடாமல் எப்படி நிறுத்துவது?
– மாணவன் (22), பண்டாரவளை

பதில்: “எந்த வருஷம் ஐயா?” என்று கேளுங்கள். ஒன்று விஷயம் வரும், இல்லாவிட்டால் பேச்சு நிற்கும்.