டிராக்டர் லோடருக்கு எந்தக் கிராப்பிள்? – கேள்வி பதில்

பொள்ளாச்சி, ஆனைமலை தொடங்கி அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, முதலமடை வரை, வாடல் நோய் கண்ட தென்னைகளை வெட்டி அகற்றும் வேலை ஓய்ந்தபாடில்லை. வெட்ட ஆள் கிடைக்கிறது; வெட்டிய தடியை ஓரம் சேர்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதனால் டிராக்டரின் முன்னால் உள்ள தூக்கும் கையான முன்லோடரின் பக்கெட்டைக் கழற்றிவிட்டு, அடியில் பற்களும் மேலே மூடித் திறக்கும் மேல்பிடியும் கொண்ட கிராப்பிள் மாட்டலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பட்டறையில் இவற்றைச் செய்தும் பழுது பார்த்தும் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கேட்பவர்கள் டிராக்டரின் குதிரைத்திறன், இரு சக்கர இழுவையா நான்கு சக்கர இழுவையா, லோடரின் தூக்குதிறன், பின்னால் என்ன எடை இருக்கிறது ஆகிய நான்கையும் மறக்காமல் எழுதுங்கள்.

ஆனைமலையிலிருந்து: அண்ணா, வணக்கம். 45 குதிரைத்திறன், இரு சக்கர இழுவை. லோடர் 700 கிலோ தூக்கும் என்று சொல்லி விற்றார்கள். தென்னந்தடி தூக்க எப்படிப்பட்ட கிராப்பிள் வாங்கலாம்?

வணக்கம் தம்பி. அந்த 700 கிலோ எந்த இடத்தில் அளந்தது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் லோடர் கையின் நுனியில் பக்கெட் மாட்டும் பின்னில், அதாவது இணைப்பு ஆணியில், அளந்ததாக இருக்கும். தடி அந்தப் பின்னில் தொங்கப்போவதில்லை. அரை மீட்டருக்கு மேல் முன்னால் தள்ளி உட்காரும். உங்கள் லோடர் கையின் நீளம் 2.2 மீட்டர், கிராப்பிளின் எடை 220 கிலோ, தடியின் மையம் பின்னிலிருந்து 60 சென்டிமீட்டர் முன்னால் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், தடிக்கென்று மிஞ்சுவது ஏறக்குறைய 350 கிலோதான். 700 பாதியாகிவிட்டது.

இனி தடிக்கு வருவோம். பச்சைத் தென்னந்தடியின் எடையைத் தண்ணீரின் எடைக்குச் சமமாக வைத்துக் கணக்கிட்டால், 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தடி மீட்டருக்கு 70 கிலோ வரும். 15 மீட்டர் மரம் ஒரு டன்னைத் தாண்டும். ஆகவே நான்கு மீட்டர் துண்டுகளாக அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு 280 கிலோ. அடித்தூர் பருத்திருக்கும், அதை மட்டும் இன்னும் குட்டையாக அறுங்கள். முழு மரத்தையும் நடுவில் பிடித்துத் தூக்கிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இந்த வேலைக்கு உங்களுக்கு நாலரை அடி அகலத்தில், அடியில் வளைந்த பற்கள் கொண்ட வேர்க் கிராப்பிள் போதும். முன்சக்கரங்கள் இரண்டின் வெளி அகலத்தையாவது அது மறைக்க வேண்டும். இல்லையென்றால் ஒதுக்கிய மட்டைகள் மீதே டயர் ஏறும். அதற்கு மேல் அகலம் வேண்டாம். கூடும் ஒவ்வொரு அடியும் இரும்பின் எடை, அதை உங்கள் தடியின் எடையிலிருந்துதான் கழிக்க வேண்டும். கிராப்பிள் எத்தனை கிலோ என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். பின்னால் எடை மாட்டியிருக்கிறீர்களா என்று எழுதவில்லையே?

வேலந்தாவளத்திலிருந்து: மேல்பிடி ஒன்றா, இரண்டா?

ஒரே அளவுத் தடிகள் என்றால் ஒன்று போதும், எடையும் குறையும். ஒரு பக்கம் அடித்தூர், மறுபக்கம் மட்டைக் கட்டு என்று கலந்து அள்ளுபவர்களுக்கு இரண்டு வேண்டும். ஒற்றைப் பிடி பருமனான பக்கத்தில் முட்டி நின்றுவிடும், மறுபக்கம் உள்ளது நழுவும். இரண்டு தனித்தனிப் பிடிகள் இருந்தால் ஒவ்வொன்றும் தன் பங்கை இறுக்கிக்கொள்ளும்.

முதலமடையிலிருந்து: மாந்தோப்பில் கவாத்து செய்த கிளைகளை அள்ள வேண்டும்.

கிளை எடை குறைவு, பரப்பு அதிகம். வாய் நன்றாக விரியும் இலகுவான கிராப்பிள் எடுங்கள். கனமான வேர்க் கிராப்பிள் உங்களுக்கு வீண்.

கிணத்துக்கடவிலிருந்து: டிராலி கவிழ்க்கும் எண்ணெய்க் குழாய் பின்னால் இருக்கிறது. அதை முன்னால் கொண்டுவந்து கிராப்பிள் சிலிண்டருக்குக் கொடுத்தால் போதாதா?

போதாது. டிராலி தன் எடையால் தானே இறங்குகிறது, அதனால் ஒரே குழாய் போதும். கிராப்பிளைத் திறக்கவும் எண்ணெய் வேண்டும், மூடவும் வேண்டும். இரு வழி சிலிண்டர், இரண்டு குழாய்கள். லோடரின் கன்ட்ரோல் வால்வில் மூன்றாவது லீவர் சேர்ப்பது நல்ல வழி. செலவைக் குறைக்க வேண்டுமானால், பக்கெட் சாய்க்கும் லைனை ஒரு பொத்தானால் கிராப்பிளுக்குத் திருப்பிவிடும் மின்வால்வு போடலாம். ஆனால் அப்போது சாய்ப்பதையும் பிடிப்பதையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

எது போட்டாலும் சிலிண்டரில் பூட்டு வால்வு இருக்கட்டும். ஹோஸ் வெடித்தாலும் பிடி திறக்காமல் நிற்பது அதனால்தான். பிடியின் பலத்தைக் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 50 மில்லிமீட்டர் உள்விட்டச் சிலிண்டர் 150 பார் அழுத்தத்தில் சுமார் 3,000 கிலோ தள்ளும். ஆனால் அது கீலிலிருந்து 20 சென்டிமீட்டரில் தள்ளுகிறது, பிடியின் நுனி 80 சென்டிமீட்டரில் இருக்கிறது என்றால் நுனியில் 750 கிலோதான் கிடைக்கும். தென்னந்தடிக்கு அது தாராளம். பெரிய சிலிண்டர் போட்டுத் தடியை நசுக்குவதில் பயனில்லை, மேல்பிடிதான் வளையும்.

கோபாலபுரத்திலிருந்து: கிராப்பிளில் ஆளை நிற்க வைத்துத் தேங்காய் பறிக்கலாமா?

கூடாது. எந்த லோடரிலும், எந்த உயரத்திலும் கூடாது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: பின்னால் எடை, பின்னால் எடை என்று எல்லோரிடமும் கேட்கிறீர்கள். பின்டயர் இரண்டிலும் தண்ணீர் நிரப்பியிருக்கிறேன். ஒரு குறையும் இல்லை.

தண்ணீர் நல்லதுதான் ஐயா, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது செய்யும் வேலை வேறு, டிராக்டரின் பின்னால் கருவி மாட்டும் மூன்றுமுனை இணைப்பில் மாட்டிய எடை செய்யும் வேலை வேறு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இரண்டு மீட்டர், கிராப்பிளும் தடியுமாக 500 கிலோ முன் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். முன் அச்சின் மேல் கூடுவது 500 அல்ல, 875 கிலோ. மீதி 375 பின் அச்சிலிருந்து பிடுங்கப்பட்டு முன்னே வருகிறது. டயரில் 300 கிலோ தண்ணீர் இருந்தால் பின் அச்சில் அந்த 300 கூடும், முன் அச்சில் ஒரு கிலோகூடக் குறையாது. அதே 300 கிலோவைப் பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்கவிட்டால், பின் அச்சில் 450 கூடும், முன் அச்சிலிருந்து 150 குறையும்.

மீண்டும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து: கணக்கு சரி. ஆனால் என் வண்டி ஒருநாளும் பின்னால் தூக்கியதில்லையே. பிறகு எதற்கு எடை?

பின்சக்கரம் தூக்காததால் முன் அச்சு சுகமாக இருக்கிறது என்று பொருளில்லை. தடியைத் தூக்கிய நிலையில் வண்டியை நிறுத்தி முன்டயரைப் பாருங்கள். பக்கச்சுவர் பிதுங்கி ரிம்மை நெருங்கியிருக்கும். ஸ்டியரிங் கனக்கிறதா? முன்சக்கரத்தை அசைத்தால் பேரிங்கில் ஆட்டம் தெரிகிறதா? முன் அச்சின் நடுவில் இருக்கும் பின்னும் புஷ்ஷும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா? பட்டறைக்கு வரும் லோடர் வண்டிகளில் முதலில் கெட்டுப்போவது இந்த இடங்கள்தான். இரு சக்கர இழுவை வண்டியின் முன் அச்சு திருப்புவதற்காகச் செய்தது, சுமப்பதற்காக அல்ல.

எருத்தேம்பதியிலிருந்து: நான்கு சக்கர இழுவை வண்டிக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. முன் அச்சு வலுவானது.

வலுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிரேக் எதில் இருக்கிறது? பெரும்பாலான டிராக்டர்களில் பின்சக்கரத்தில்தான். முன்சக்கர இழுவையைப் போடாமல் வாய்க்கால் கரையிலிருந்து சுமையோடு இறங்கும்போது பின்சக்கரம் லேசாகிவிட்டால், பெடலை மிதித்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். இழுவை நான்கு சக்கரத்தில் இருப்பதால் பின்னால் எடை கூடிவிடாது. நான்கு சக்கர வண்டிக்காரர்கள் துணிந்து பெரிய தடியாக எடுப்பார்கள் என்பதால் எனக்கு அவர்களைப் பற்றித்தான் கூடுதல் கவலை.

அம்பராம்பாளையத்திலிருந்து: சண்டை இருக்கட்டும் அண்ணா. எடைக்கு எதை மாட்டுவது? ஒன்பது கொழு கலப்பை போதுமா?

அது 200 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், சிறிய தடிகளுக்குப் பரவாயில்லை. ஐந்தடி ரோட்டவேட்டர் 300 கிலோவுக்கு மேல் வரும், அது நல்ல எடை. ஆனால் மரத்துக்கு மரம் திரும்பும்போது அதன் அகலம் இடிக்கும். இருப்பதிலேயே மலிவானது கான்கிரீட் கட்டிதான். அரை மீட்டர் நீளம், அகலம், உயரம் என்று பெட்டி அடித்து, கம்பி கட்டி, மூன்று இணைப்புப் பின்களையும் உள்ளே பதித்து வார்த்துவிடுங்கள். 300 கிலோ வந்துவிடும். இணைப்புக் கைகள் பக்கவாட்டில் ஆடாமல் தடுக்கும் செக் செயினை இறுக்கி, கட்டியைத் தாழ்வாகவே வைத்து ஓட்டுங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: கட்டி வார்த்துப் பார்க்கிறேன்.

நல்லது ஐயா. தண்ணீரையும் இறக்க வேண்டாம், இரண்டும் இருக்கட்டும்.

நடுப்புணியிலிருந்து: என் தோப்பில் பாதி மரம் ஓலை தொய்ந்து மஞ்சளாகிவிட்டது. எல்லாவற்றையும் வெட்டிவிடவா?

இது என் துறை அல்ல. வேர் வாடல் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வருகிறது என்பதும், மரத்தைக் குணமாக்கும் மருந்து இல்லை என்பதும் தெரியும். ஆனால் எந்த மரத்தை வைப்பது, எதை எடுப்பது என்பதை ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பெயரும் ஊரும் இல்லாமல்: 45 குதிரைத்திறன் வண்டிக்கு எந்தக் கிராப்பிள் நல்லது?

முதல் பதிலைப் படியுங்கள்.

மீனாட்சிபுரத்திலிருந்து: எந்த நிறுவனத்துடையது சிறந்தது?

இதை இதோடு பலர் கேட்டுவிட்டீர்கள். நிறுவனப் பெயர் சொல்லமாட்டேன். எடை, அகலம், சிலிண்டர் அளவு, பூட்டு வால்வு, உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்ற ஐந்தையும் கேளுங்கள். பின்னால் எடை மாட்டாமல் எந்த நிறுவனத்துடையதையும் வாங்காதீர்கள்.

கோவிந்தாபுரத்திலிருந்து: உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்ளலாமா?

தாராளமாக. பற்களுக்கு 12 மில்லிமீட்டருக்குக் குறையாத தகடு. பற்களைக் குறுக்குக் குழாயில் வெறுமனே ஒட்டவைக்காமல், குழாயில் துளை வெட்டி உள்ளே செருகி இரு பக்கமும் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பல்லுக்குப் பல் 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் மண் உதிரும், மட்டை நிற்கும். கீல் ஒவ்வொன்றிலும் மாற்றக்கூடிய புஷ்ஷும் கிரீஸ் நிப்பிளும் இருக்க வேண்டும். ஹோஸ்களைத் தகட்டுக்கு உள்பக்கமாக ஓடவிடுங்கள். காய்ந்த மட்டையின் அடிமுனை கத்திபோல் இருக்கும், வெளியே தொங்கும் ஹோஸைக் கிழித்துவிடும். சீமைக் கருவேலம் அள்ளுபவர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் வலையும் அடித்துக்கொள்ளுங்கள்.

ஆனைமலையிலிருந்து (வேறொருவர்): அள்ளிய தடிகளைத் தோப்பு ஓரத்திலேயே அடுக்கி வைக்கலாமா?

நல்ல கேள்வி, யாரும் கேட்காமல் விட்டது. வைக்காதீர்கள். மட்கும் தென்னந்தடியில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். நோய்க்குத் தப்பிய மரங்களின் குருத்தை அந்த வண்டு தின்னும். தடிகளை அறுவை ஆலைக்கோ செங்கல் சூளைக்கோ உடனே அனுப்பிவிடுங்கள், அல்லது தூளாக்குங்கள்.

இன்னொன்று, இடுக்கான தோப்பில் திரும்பும்போது கிராப்பிளின் ஓரப்பல் நிற்கும் மரத்தை உரசிவிடுகிறது. இரண்டு விரல் அகலக் கீறல்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பச்சைக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். பிறகு ஒருநாள் அதே இடத்தில் பழுப்புச் சாறு வடிந்து காய்ந்திருப்பதையும், நார் நாராகத் துப்பிக் கிடப்பதையும் பார்ப்பீர்கள். அதற்குள் புழு உள்ளே குடைந்திருக்கும். பற்களை முன்சக்கர அகலத்துக்கு அதிகமாக நீட்டாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கீறல் பட்டால் அன்றே தார் பூசுங்கள்.

வேட்டைக்காரன்புதூரிலிருந்து: லாரியில் ஏற்ற உயரமாகத் தூக்க வேண்டியிருக்கிறது. தடி பின்னால் உருண்டு டிரைவர் மேல் விழுமா?

விழும். கை உயரும்போது கிராப்பிள் தானாகப் பின்னால் சாய்கிறது, அதைச் சமன்செய்துகொண்டே தூக்க வேண்டும். மேல்பிடி தடியைச் சுற்றி முழுதாக இறங்கியிருந்தால்தான் உயர்த்தலாம். டிரைவர் தலைக்கு மேல் உறுதியான இரும்புக் கூண்டு இல்லாத வண்டியில் லாரி ஏற்றும் வேலையை எடுக்காதீர்கள். சுமையோடு நகரும்போது தடி முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. தோப்புக்குள் மின்கம்பி போகிறதென்றால், கம்பிக்கு அடியில் தூக்கவே வேண்டாம்.

ஊர் எழுதாமல்: ஆளைத் தூக்கலாமா என்பதற்குச் சுருக்கமாகச் சொல்லிவிட்டீர்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டால்?

கயிறு கட்டினாலும் கூடாது.

வேலந்தாவளத்திலிருந்து: பராமரிப்பு?

வேலை நாளில் காலையில் எல்லாக் கீலுக்கும் கிரீஸ், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை. மாலையில் பிடியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை இருபுறமும் ஆட்டி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே ஹோஸைக் கழற்றுங்கள். எண்ணெய் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதல் வாரம் ஓடிய பின் வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.