சாலையோரம் நின்று சைக்கிள் பந்தயம் பார்க்க: வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ராயபுரம் வாசகர்: ஐயா, ஜூலையில் பிரான்சில் உள்ள மகள் வீட்டுக்குச் செல்கிறேன். அங்கே பல நாள்கள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைப் பார்க்க நுழைவுச்சீட்டு எங்கே வாங்க வேண்டும்?

பதில்: சாலையோரத்தில் நிற்பதற்குக் கட்டணமே கிடையாது. அன்றன்றைய பாதையும் ஒவ்வோர் ஊரையும் வீரர்கள் கடக்கும் உத்தேச நேரமும் முன்னதாகவே வெளியாகும். பல மணி நேரத்துக்கு முன்பே சாலையை அடைத்துவிடுவார்கள் என்பதால், தொப்பி, தண்ணீர், சாப்பாட்டுடன் காலையிலேயே இடம் பிடித்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்: அரை நாள் காத்திருந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் எல்லாரும் போய்விடுவார்களாமே?

பதில்: சமதளத்தில் நின்றால் அப்படித்தான். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வீரரின் பலத்தில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. முன்னே செல்பவரின் மறைவில் ஓட்டினால் அது வெகுவாக மிச்சமாகும் என்பதால், அனைவரும் ஒரே கூட்டமாக வந்து ஒரே கூட்டமாகப் போய்விடுகிறார்கள். மலையேற்றத்தில் வேகம் பாதிக்கும் கீழே குறைய, அந்த மறைவின் பயன் வெகுவாகக் குறைந்து கூட்டம் உடைகிறது. முதல்வருக்கும் கடைசிக் குழுவுக்கும் இடையே அரை மணி நேரம்கூட விழும். பெரம்பூர் மேம்பாலத்தைத் தவிர வேறு ஏற்றம் அறியாத நமக்கு, 21 கொண்டை ஊசி வளைவுகளோடு 13.8 கிலோமீட்டர் நீளும் ஆல்ப் துவெஸ் போன்ற மலைச்சாலைதான் காணத்தக்கது. வளைவை ஒட்டிய மேட்டில் நின்றால், கீழிருந்து ஏறி வருபவரின் முகத்தை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

வியாசர்பாடி வாசகி: வீரர்களுக்கு முன்னால் வண்டிகள் வருமாமே?

பதில்: 1930 முதல் வரும் விளம்பர ஊர்வலம் அது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து தொப்பியும் தின்பண்டமும் வீசிச் செல்லும். திருவொற்றியூர்த் தேருக்குக் காத்திருந்து பழகியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு சிரமமாக இராது.

காசிமேடு வாசகர்: வீரரின் பக்கத்தில் ஓடிப் படம் எடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 1999இல் ஆல்ப் துவெஸில் படமெடுக்கச் சாலைக்குள் வந்த ஒருவர் மோதி, முன்னணியில் இருந்த இத்தாலிய வீரர் குவெரினி கீழே விழுந்தார். எழுந்து ஓட்டி வென்றது அவருடைய திறமை. 2021இல் பார்வையாளரான ஒரு பெண், வீரர்களுக்கு முதுகைக் காட்டியபடி கேமராவுக்கு வாசகம் எழுதிய அட்டையை நீட்ட, ஜெர்மன் வீரர் டோனி மார்ட்டின் அதில் மோதிப் பல வீரர்கள் சரிந்தார்கள். நீதிமன்றம் அப்பெண்ணுக்கு 1,200 யூரோ அபராதம் விதித்தது. அட்டை பிடிப்பதில் பிழையில்லை, பந்தயத்துக்கு முதுகைக் காட்டுவதே பிழை.

கொருக்குப்பேட்டை வாசகர்: மஞ்சள் சட்டைக்காரர் பின்னால் வந்தால் தோற்றுவிட்டார் என்று பொருளா?

பதில்: இல்லை. அதுவரையிலான நாள்களின் மொத்த நேரத்தில் முன்னிற்பவருக்கே அச்சட்டை. ஒரு நாளின் வெற்றி வேறொருவருக்குப் போகலாம்.

ராயபுரம் வாசகர்: மீண்டும் சாலையில் இறங்குவது எப்போது?

பதில்: கடைசி வீரருக்குப் பின்னால் வரும் முடிவு வண்டி கடந்த பிறகுதான். அதற்குமுன் சாலை வெறிச்சோடித் தெரிந்தாலும், குழுக்களின் கார்கள் வேகமாக வந்துகொண்டிருக்கும்.