வீட்டு இன்வெர்ட்டருக்கான லித்தியம் பேக்: நாமே செய்யும் பிஎம்எஸ் பற்றிய கேள்வி பதில்

100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 4 எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்களைத் தொடராக இணைத்து, 12.8 வோல்ட் பேக் ஒன்றை அமைத்து, அதற்கான பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் பேட்டரி மேலாண்மை அமைப்பு) பலகையையும் நானே செய்து வீட்டு இன்வெர்ட்டரை ஓட்டி வருகிறேன். பலகையில் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிகியூ76920 சிப்பும், அதை மேற்பார்வையிடும் நிரலை இயக்கும் சிறு கணினிச் சிப்பான ஒரு மைக்ரோகன்ட்ரோலரும். இதையொட்டி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: கடையில் ஆயத்தமாகவே பிஎம்எஸ் கிடைக்கும்போது நாமே ஏன் செய்ய வேண்டும்?

கற்றுக்கொள்வதற்காகத்தான். பணம் மிச்சமாகும் என்று எண்ணி இறங்க வேண்டாம், ஆகாது.

கேள்வி: ஆர்டுயினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் நான்கு மின்தடைப் பகுப்பான்களை (மின்னழுத்தத்தை அளக்கக்கூடிய அளவுக்குக் குறைக்கும் மின்தடை இணைகளை) இணைத்து, செல் மின்னழுத்தங்களை அளந்து, எல்லை மீறினால் ரிலேயை அணைத்தால் போதாதா?

போதாது, அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, துல்லியம். செல்லுக்கு ஏறத்தாழ 3.3 வோல்ட் என்று கொண்டால், நான்காவது செல்லை அளக்க நீங்கள் 13.2 வோல்ட்டை அளந்து, அதிலிருந்து 9.9 வோல்ட்டைக் கழிக்கிறீர்கள். மின்தடைகளில் 1 சதவீதப் பிசகு இருந்தாலே விடையில் 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் தவறு நேரலாம். எல்எஃப்பி செல்லின் மேல் எல்லையான 3.65 வோல்ட்டைக் காவல் காக்க அந்த அளவீடு உதவாது. இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது: நிரல் எங்காவது சிக்கி நின்றுவிட்டால், ரிலே கடைசியாக இருந்த நிலையிலேயே, அதாவது பெரும்பாலும் இணைப்பிலேயே, இருந்துவிடும். பிகியூ76920 போன்ற சிப்புகள் மிகை மின்னழுத்தம், குறை மின்னழுத்தம், மிகை வெளியேற்ற மின்னோட்டம் (பேக்கிலிருந்து அளவுக்கு மீறி இழுக்கப்படுவது), குறுக்குச்சுற்று ஆகியவற்றை நிரலின் துணையின்றித் தாமே கண்டறிந்து, மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட்டை அணைத்துவிடும். ஆனால் வெப்பநிலைக் கட்டுப்பாட்டையும் செல் சமநிலைப்படுத்தலையும் (எல்லாச் செல்களையும் ஒரே சார்ஜ் நிலைக்குக் கொண்டுவருவதையும்) நம் நிரல்தான் செய்தாக வேண்டும். எனவே நிரல் உறைந்தால் மாஸ்ஃபெட்டுகள் அணையும்படி வாட்ச்டாக் (நிரல் இயங்குகிறதா என்று கண்காணிக்கும் நேரக்கருவி) ஒன்றையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிய சிப்பைப் பொருத்தி செல்களை இணைத்தேன். மின்சாரம் வருகிறது, ஆனால் ஐ2சி தொடர்பில் (சிப்பும் மைக்ரோகன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் இரு கம்பி வழி) எந்தப் பதிலும் இல்லை. சிப் செத்துவிட்டதா?

செத்திருக்க வாய்ப்பில்லை, உறங்குகிறது. இந்தச் சிப் முதலில் மின்சாரம் பெறும்போது, கிடங்கில் வைப்பதற்கான ஆழ்ந்த உறக்க நிலையிலேயே இருக்கும். டிஎஸ்1 என்ற காலுக்கு ஒரு பொத்தான் வழியாகச் சற்றே மின்னழுத்தம் கொடுத்தால்தான் விழிக்கும். இதை அறியாமல் நல்ல சிப்பைக் கழற்றி எறிந்தவர்களில் நானும் ஒருவன்.

உண்மையிலேயே எரிந்து போனது என் இரண்டாவது சிப். நடுவிலுள்ள இரண்டு அளவீட்டுக் கம்பிகளை இணைப்பானில் மாற்றிச் செருகிவிட்டேன். இரண்டாம் செல்லின் உள்ளீட்டுக்கு 6.6 வோல்ட்டும், மூன்றாவதற்குத் தலைகீழாக 3.3 வோல்ட்டும் போய்ச் சேர்ந்தன. கருகல் வாடையை உணர்ந்த பிறகுதான் பிழை புரிந்தது. இப்போதெல்லாம் இணைப்பானைப் பலகையில் செருகுவதற்கு முன், மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேக்கின் எதிர்முனையில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டு, 3.3, 6.6, 9.9, 13.2 என்று படிப்படியாக ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு அளவீட்டுக் கம்பியிலும், செல்லுக்கு மிக அருகில், ஒரு சிறு ஃபியூஸ் இருக்க வேண்டும். இத்தகைய பெரிய செல் குறுக்குச்சுற்றில் ஆயிரக்கணக்கான ஆம்பியர்களைத் தரவல்லது. அப்போது மெல்லிய கம்பி நொடியில் தணலாகிவிடும்.

கேள்வி: பேக் முழுதாகச் சார்ஜ் ஆன பின் மின்வெட்டு வந்தால், என் மாஸ்ஃபெட்டுகள் தொட முடியாதபடி கொதிக்கின்றன. மற்ற நேரங்களில் குளிர்ந்தே இருக்கின்றன. ஏன்?

நல்ல கேள்வி. சார்ஜுக்கு ஒரு தொகுதி, வெளியேற்றத்துக்கு ஒரு தொகுதி என மாஸ்ஃபெட்டுகள் முதுகோடு முதுகாக இணைந்திருக்கின்றன. முழுச் சார்ஜில் மிகை மின்னழுத்தம் எட்டியதும் சிப் சார்ஜ் தொகுதியை அணைத்துவிடுகிறது. அதன்பின் இன்வெர்ட்டர் மின்னோட்டத்தை இழுக்கும்போது, அது அந்தத் தொகுதியின் உள் டையோடு (மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே அமைந்த ஒருவழிப் பாதை) வழியாகவே பாய்கிறது. 700 வாட் சுமைக்கு, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 64 ஆம்பியர் தேவை, டையோடில் 0.7 வோல்ட் விழுந்தால் 45 வாட் வெப்பம். அதே தொகுதி இயங்கும் நிலையில் இருந்தால், 1 மில்லி ஓம் மாஸ்ஃபெட்டுகள் நான்கு இணையாக இருக்கையில், 1 வாட்டைச் சற்றே தாண்டும். ஆகவே வெளியேற்ற மின்னோட்டம் தென்பட்டதும், மிகை மின்னழுத்தப் பிழைக்குறியை அழித்துவிட்டு, சார்ஜ் தொகுதியையும் இயக்கும்படி நிரலைத் திருத்துங்கள். சுமை ஏறியதும் செல் மின்னழுத்தம் உடனே இறங்கிவிடுவதால் இதில் ஆபத்தில்லை.

கேள்வி: செல் சமநிலைப்படுத்தலை எந்த மின்னழுத்தத்தில் தொடங்கலாம்?

எல்எஃப்பியில் 3.4 வோல்ட்டுக்குக் கீழே தொடங்காதீர்கள். நடுப்பகுதியில் அதன் மின்னழுத்தக் கோடு ஏறக்குறைய தட்டையாக இருப்பதால், அங்கே தெரியும் சிறு வேறுபாட்டை நம்பி ஒரு செல்லை வடித்தால், சமநிலை கூடுவதற்குப் பதிலாகக் குலையும். செல் ஒவ்வொன்றுக்கும் 33 ஓம் மின்தடை வைத்தால் வடியும் மின்னோட்டம் சுமார் 100 மில்லி ஆம்பியர். 2 ஆம்பியர்-மணி வேறுபாட்டைச் சரிசெய்ய அதற்கு 20 மணி நேரம் ஆகும். எனவே தொடராக இணைப்பதற்கு முன்பே நான்கையும் இணையாக இணைத்து, 3.65 வோல்ட் வரை ஏற்றி ஒரே நிலைக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது.

கேள்வி: நான் உதகையில் இருக்கிறேன். குளிருக்கென்று தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். உறைபனி விழும் மார்கழி, தை இரவுகளில் செல்லின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜ் செய்யக் கூடாது. எதிர்மின்முனைக்குள் நுழைய வேண்டிய லித்தியம், அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது. 103ஏடி வகைத் தெர்மிஸ்டரை (வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் உணரியை)ச் செல்லின் உடலோடு ஒட்டி வையுங்கள். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டுவது 0 டிகிரியில் 27 கிலோ ஓமாக உயரும். நிரலில் 5 டிகிரியிலேயே சார்ஜை நிறுத்திவிடலாம். வெளியேற்றத்துக்கு அந்தத் தடை தேவையில்லை.

கேள்வி: பழைய இன்வெர்ட்டரில் டியூபுலர் பேட்டரிக்கான (ஈய-அமில வகை) அமைப்பையே வைத்துக்கொள்ளலாமா?

சார்ஜ் உச்சம் 14.4 வோல்ட்டைத் தாண்டாவிட்டால் சமாளிக்கலாம், செல்லுக்கு 3.6 வோல்ட்தான் ஆகிறது. டியூபுலர் அமைப்பில் பல இன்வெர்ட்டர்கள் 15 வோல்ட்டை நெருங்குவதால், முதலில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். பிஎம்எஸ் காப்பாற்றும்தான், ஆனால் தினமும் காப்பாற்றுவது அதன் வேலை அன்று.

கேள்வி: பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த 18650 செல்களை (உருளை வடிவ லித்தியம் செல்கள்) இதே பலகையில் இணைக்கலாமா?

அவை பொதுவாக 4.2 வோல்ட் வரை ஏறும் வேறு வேதியியல் கொண்டவை. எல்லை மதிப்புகள் அனைத்தையும் மாற்றாமல் இணைக்காதீர்கள், எல்எஃப்பியோடு கலக்கவே கலக்காதீர்கள். மாற்றிய பிறகும், ஒவ்வொரு செல்லையும் சார்ஜ் செய்து இரண்டு வாரம் தனியே வைத்து, மற்றவற்றைவிட வேகமாக மின்னழுத்தம் இறங்குபவற்றை ஒதுக்கிவிடுங்கள்.