மச்சான் சொல்லும் ஸ்கேனரும் அடைவுக்குப் போகப் பார்க்கும் காப்பும்

கேள்வி: வணக்கம் அக்கா. ஒட்டுசுட்டானில் இருக்கிறேன். அரச அலுவலகத்தில் எழுதுநர் வேலை, முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே கொஞ்சம் வயலும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பழைய விட்ஸ் கார் லீசிங்கில் எடுத்தேன். முன்பணத்துக்கு மனைவியின் நகையை 3 இலட்சத்துக்கு அடைவு வைத்தேன். போன வருடம் ரயருக்கும் பற்றரிக்கும் இன்னொரு 80,000. இரண்டுக்கும் வருட வட்டி 18 வீதம், வட்டியைக் கட்டிப் புதுப்பித்து வருகிறேன். இப்போது எஞ்சின் லைட் எரிகிறது. கிளிநொச்சி கராச்சில் 2,000 ரூபாய் வாங்கி ஸ்கேன் செய்து, பி0301 என்ற கோட் நம்பரைத் துண்டில் எழுதித் தந்தார்கள். ஸ்பார்க் பிளக் மாற்றியும் லைட் திரும்ப வந்துவிட்டது. டப்லெட் மாதிரி ஒரு ஸ்கேனர் 205,000 ரூபாய்க்கு இருக்கிறது, வாங்கினால் ஊர் வாகனங்களையும் பார்த்து உழைக்கலாம் என்கிறார் மச்சான். நெல் விற்ற காசு 45,000 கையில் இருக்கிறது. மிச்சத்துக்குக் காப்புச்சோடியை வைக்கலாமா? இல்லாவிட்டால் 9,000 ரூபாய்ச் சின்னக் கருவி போதுமா?

பதில்: தம்பி, சின்னக் கருவி போதும். காப்புச்சோடியை வைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் கார் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு முறை பெரிய செலவு வரும்போதும் நகை அடைவுக்குப் போகிறது, ஒரு முறையும் திரும்பி வரவில்லை. 3 இலட்சத்துக்கு வருட வட்டி 54,000. இரண்டு வருடத்தில் 108,000. மற்றைய 80,000-க்கு ஒரு வருடத்தில் 14,400. ஆக 122,400 ரூபாய் கட்டி முடித்துவிட்டீர்கள், வாங்கிய முதற்பணத்தில் ஒரு சதமும் குறையவில்லை. புதுப்பித்தல் என்று சொல்வதால் ஏதோ காரியம் முடிந்த மாதிரித் தெரிகிறது. இதற்கு மேல் இன்னொரு 160,000 எடுத்தால், அதன் வட்டி மட்டும் மாதம் 2,400, வருடம் 28,800. அந்தக் காசுக்குக் கிளிநொச்சியில் பதினாலு தரம் ஸ்கேன் செய்யலாம். ஒரு காருக்கு வருடத்தில் பதினாலு தரம் லைட் எரிந்தால், அந்தக் காரை விற்றுவிடுவதுதான் நல்லது.

உழைப்புக் கதைக்கு வருவோம். ஒரு காலை ஒட்டுசுட்டான் சந்தியில் நின்று போகிற வாகனங்களைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டர், பழைய டொல்பின் வான். இவற்றில் அநேகமானவற்றில் ஸ்கேனரின் பதினாறு முள் பிளக்கைக் குத்த இடமே இல்லை. மிஞ்சுகிற கார்க்காரர், நீங்கள் கோட் நம்பரைப் படித்துச் சொன்னவுடன் "சரி, அப்ப திருத்தித் தாங்கோ" என்பார். அதற்கு உங்களிடம் கராச் இல்லை. இந்த வகை டப்லெட்டுகள் பலவற்றுக்கு முதல் ஓரிரு வருடம்தான் அப்டேட் இலவசம், பிறகு வருடா வருடம் காசு. டிக்டொக் வீடியோவில் இந்தப் பகுதியை யாரும் காட்டுவதில்லை. எயார்பேக், ஏபிஎஸ் பிரேக் எல்லாம் பார்க்கலாம், பாகங்களை இயக்கிச் சோதிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலை வந்தால் எப்படியும் மெக்கானிக்கிடம்தான் போவீர்கள்.

உங்கள் லைட்டுக்கு அந்த இரண்டு இலட்சத்துக் கருவியும் பி0301 என்றுதான் காட்டும். முதலாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பது அதன் பொருள். எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்று அது சொல்லாது. ஸ்பார்க் பிளக் ஒரு காரணம், அதற்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் கொயில் இன்னொன்று, பெற்றோலைத் தெளிக்கும் இஞ்செக்டரும் இருக்கலாம். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, 10 மில்லிமீற்றர் சாவியால் முதலாவது கொயிலைக் கழற்றி இரண்டாவதன் இடத்தில் போடுங்கள், இரண்டாவதை முதலாவதில் போடுங்கள். கோட்டை அழித்துவிட்டுக் கொஞ்சத் தூரம் ஓடிப் பாருங்கள். பி0302 என்று வந்தால் குற்றம் கொயிலோடு நகர்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் போதும். பி0301 நின்ற இடத்திலேயே நின்றால் மெக்கானிக் இஞ்செக்டரையும் கொம்பிரஷனையும் (சிலிண்டரின் அமுக்கத்தையும்) பார்க்கட்டும். லைட் நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் காரை ஓட்டவே வேண்டாம். எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரில் போய் எரியும், அது கெட்டால் கொயில் விலையோடு கதை முடியாது.

9,000 ரூபாய்க் கருவி இதற்குத் தாராளம். கோட்டைப் படிக்க வேண்டும், அழிக்க வேண்டும், ஓடும்போது சென்சர் அளவுகளைக் காட்ட வேண்டும். போனோடு புளூடூத்தில் சேரும் குட்டிப் பிளக் இன்னும் மலிவு, ஆனால் அவற்றுக்குள் இருக்கும் சிப்பின் பெயரான ஈஎல்எம்327 என்ற பெயரில் போலிகள் நிறைய. ஐபோன் என்றால் அதோடு சேருமா என்று கேட்காமல் வாங்க வேண்டாம். திரையோடு வரும் கருவியில் இந்தக் கரைச்சல் குறைவு. இன்னொரு விசயம்: ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய கார்கள் சில, பொதுக் கருவிக்கு வாய் திறக்காது. அதனால் கடைக்குக் காரையும் கொண்டு போங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே குத்தி, கோட் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள், குத்தியபடி விட்டால் சிலது பற்றரியை இறக்கும்.

கையில் உள்ள 45,000-இல் 9,000 போனால் 36,000. அதை அப்படியே 80,000 அடைவின் முதற்பணத்தில் கட்டுங்கள். பகுதி பகுதியாக முதல் கட்ட விடுகிற இடங்கள் இருக்கின்றன, உங்கள் இடத்தில் கேட்டுப் பாருங்கள். மிச்சம் 44,000. இப்போது அதற்குக் கட்டுகிற மாத வட்டி 1,200, புது அடைவுக்குக் கட்டத் தயாராக இருந்த 2,400, சேர்த்து மாதம் 3,600 போட்டால் ஏறக்குறைய 14 மாதத்தில் அந்த நகை வீட்டுக்கு வந்துவிடும். பிறகு அதே 3,600-ஐ, 3 இலட்சத்துக்கு இப்போது கட்டும் வட்டியோடு சேர்த்து அங்கே திருப்புங்கள். முதலே குறையாமல் இனி ஒரு புதுப்பித்தலும் வேண்டாம்.

காப்புச்சோடி பற்றி மனைவி என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா?

மச்சானோடு மனத்தாங்கல் வேண்டாம். தொழிலில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்றால் 205,000-ஐ அவரே போடட்டும், முதல் வாடிக்கையாளராக நீங்கள் 2,000 ரூபாயோடு போகலாம். என்ன பதில் சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.