குட்டி மானைச் சுடுவது எந்த ஊர் நியாயம்?

பிரான்சில் வேட்டைக்குப் போகும் உங்கள் உறவினர் குட்டி மானைச் சுட்டதாகப் பெருமையாகச் சொன்னார், இது பாவமில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் புதுச்சேரி சொல்தா வீட்டுப் பிள்ளை, அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர் குடும்பம். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் வேலை பார்த்த காலத்தில் அக்கம்பக்கத்தில் வேட்டைக்காரர்கள் நிறைய. துப்பாக்கியைத் தொட்டதில்லை, அவர்களுடைய வாக்குவாதங்களைக் கேட்டுக் காது புளித்திருக்கிறது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் மான் வேட்டைக்கதை முடிந்தது. பிரான்சில் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை மான் சுடலாம், குறைந்தது எத்தனை சுட வேண்டும் என்று அரசே வரையறுக்கிறது. சுட்ட மானின் காலில் எண்ணிட்ட பட்டையை மாட்டாமல் அதை இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது. அந்த எண்ணிக்கைக்குள் எந்த மான் என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

கொம்புக்காகவே வேட்டையாடுகிறவர்கள் முற்றிய ஆண் மானுக்குக் காத்திருப்பார்கள். சுவரில் மாட்ட வேண்டுமே! இவர்களிலேயே சிலர், கொம்பு சிறுத்த இளம் ஆணைக் கண்டால் வம்சம் கெட்டுவிடும் என்று சுட்டுக் கழிப்பார்கள். மான் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. தின்ற தீனியும் கடந்த குளிரும் அதில் தெரியும். ஓராண்டுக் கொம்பைப் பார்த்து வம்சம் சொல்வது ஜோசியம்.

காட்டிலாகாவினருக்கு வேறு கவலை. மான்கள் பெருத்தால் ஓக், ஃபிர் கன்றுகள் தலையெடுப்பதில்லை. செம்மான் (red deer) என்ற பெரிய மான் இனத்தில் ஓர் ஆண் பல பெட்டைகளோடு சேரும் என்பதால் ஆணைச் சுட்டுத் தொகை குறையாது, பெட்டையைச் சுடுங்கள் என்பார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

இனி குட்டி. நம் கடற்கரையில் குஞ்சு மீனை விடு, தாய் மீன் முட்டையிடட்டும் என்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்பதும் மீன் பெருகுவதற்குத்தான். அந்தப் பழக்கத்தில்தான் குட்டியைச் சுட்டார் என்றதும் நமக்குப் பதறுகிறது. ஆனால் குட்டி மான்களில் கணிசமானவை முதல் குளிர்காலத்தைத் தாண்டுவதே இல்லை. அதைவிட, தாயை முதலில் சுட்டால் குட்டி அநாதையாகிறது. செம்மான் கூட்டத்தில் தாயில்லாக் குட்டி ஒதுக்கப்பட்டு மெலியும். அதனால் அனுபவசாலிகள் சொல்வது: இரண்டும் சேர்ந்து நின்றால் முதலில் குட்டி, பிறகு தாய், இரண்டாவது குண்டுக்கு நேரமில்லையென்றால் குட்டியோடு நிறுத்து. கேட்கக் கொடூரமாக இருந்தாலும் அவர்கள் விதிகளில் இரக்கம் அதிகமுள்ளது இதுதான்.

நாய்களை விட்டுக் கலைக்கும் வேட்டையில்தான் உண்மையான சிக்கல். தனியாக ஓடிவரும் பெட்டைக்குப் பின்னால் குட்டி எங்கோ சிதறியிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் தனிப் பெட்டையை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கவே மாட்டார். குறைந்தபட்ச எண்ணிக்கை எட்டாவிட்டால் அபராதம் நீங்களா கட்டுவீர்கள் என்று அவர் மகன் மல்லுக்கு நிற்பார். நான் பெரியவர் பக்கம்.

உங்கள் உறவினரிடம், அந்தக் குட்டியின் தாய் அப்போது எங்கே நின்றது என்று விசாரித்துப் பாருங்கள்.