வைபி ஆக ஆசை, அப்பாவுக்குப் பிடிக்கவில்லை

கேள்வி: அக்கா, மலேசியாவில் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள் நான். தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அப்பா லோரி ஓட்டுகிறார். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். படிக்கிறேன். வக்கீலாகி, பிறகு வைபி (மக்கள் பிரதிநிதி) ஆகி சட்டமன்றத்துக்குப் போக ஆசை. "வக்கீலாப் போ, அரசியல் பக்கம் தலை வச்சும் படுக்காதே" என்கிறார் அப்பா. என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, வக்கீல் படிப்பு வரைக்கும் நீயும் அப்பாவும் ஒரே கட்சிதான். அதுவரை சண்டை எதற்கு?

உள்ளூர் அரசு பல்கலைக்கழகத்தில் சட்டத்துக்கு இடம் கிடைத்தால் நல்லது. வெளிநாட்டுப் பட்டம் என்றால் இங்கே வக்கீல் தொழில் செய்ய எழுத வேண்டிய சி.எல்.பி. பரீட்சை குறுக்கே நிற்கும். ஐந்து தாள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இரண்டு மூன்று தடவை எழுதியதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒரு மூத்த வக்கீலிடம் ஒன்பது மாதம் சேம்பரிங், அதாவது தொழில் பயிற்சி. அந்த அலவன்ஸ் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். இதை அப்பாவிடம் இப்போதே சொல்லி வை.

இனி வைபி விஷயம். நான் ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவள். எங்கள் முதலாளி ஒரு தவணை சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். சனிக்கிழமை காலையில் சேவை மையத்தில் நாற்காலி பத்தாது. ஒரு பாட்டி வந்தார், பிளாஸ்டிக் பைக்குள் சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அடையாள அட்டை; குடிமக்களுக்கு நீலம்). "பொறந்தது இங்கதான் ஐயா, தோட்டத்து மருத்துவச்சிதான் பார்த்தா. யாரு போய்ப் பதிஞ்சா?" குடியுரிமை மத்திய அரசு விஷயம். மாநிலச் சட்டமன்றத்தில் எத்தனை தடவை மேசையைத் தட்டினாலும் சிவப்பு நீலமாகாது. முதலாளி என்ன செய்தார் தெரியுமா? தோட்டத்தின் பழைய செக்ரோலை (சம்பளப் பதிவேட்டை) தேடி எடுக்கச் சொல்லி, பாட்டியின் அம்மா பேரைக் கண்டுபிடித்து, சத்தியப் பிரமாணம் எழுதி, பதிவிலாகாவுக்கு அனுப்பினார். அன்றைக்கு உதவியது வக்கீல் கை, வைபி கை இல்லை.

நிலம் என்று வந்தால் கதை வேறு. அது மாநில அரசின் கையில். தோட்டம் கைமாறி, லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி பண்ணு என்று கடிதம் வரும்போதும், கோயில் நிற்கிற மண்ணுக்குப் பத்திரம் இல்லாதபோதும் சட்டமன்றத்தில் கேட்கிற கேள்விக்கு எடை உண்டு. வழக்கு எப்படி நடக்கும் என்று தெரிந்தவர் கேட்டால் பதில் சொல்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். நீ அங்கே போக வேண்டும் என்று நான் நினைப்பது இதற்காகத்தான்.

அப்பாவின் பயம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாயா? 2008-இல் இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் வக்கீல் மனோகரன், விசாரணை இல்லாமல் கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே சிலாங்கூரின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்தார். 2009 மே மாதம்தான் வெளியே வந்தார். அந்தக் காலத்துப் பேப்பரை லோரிக்குள் உட்கார்ந்து படித்தவராக இருந்தால், அப்பா அப்படித்தான் பேசுவார். அவரை அப்படி அடைத்து வைத்த ஐ.எஸ்.ஏ. (உள்நாட்டுப் பாதுகாப்பு) சட்டம் 2012-இல் ரத்தாகிவிட்டது என்று சொல். உடனே மனம் மாறிவிடுவார் என்று எதிர்பார்க்காதே.

காசைப் பற்றியும் கேட்பார். சட்டமன்றத் தொகுதிக்கு டெபாசிட் 5,000 ரிங்கிட். எட்டில் ஒரு பங்கு ஓட்டாவது விழவில்லை என்றால் அது போச்சு. செலவு உச்சவரம்பு ஒரு லட்சம் ரிங்கிட். கையில் தொழில் இருப்பவர் தோற்றால் திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போவார். தொழில் இல்லாதவர் அடுத்த தேர்தல் வரைக்கும் கட்சி ஆபீஸ் வாசலில்தான். கறுப்புக் கோட்டை முதலில் போடு என்று நானும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது 18 வயதிலேயே வேட்பாளராக நிற்கலாம். நீ நிற்க வேண்டாம், உட்கார். பரீட்சை முடிந்ததும் உங்கள் தொகுதி சேவை மையத்தில் நான்கு சனிக்கிழமை போய் உட்கார். எந்தக் கட்சி என்று பார்க்காதே. மலாய் மொழிப் படிவம் நிரப்ப ஆள் இல்லாமல் பாதிப் பேர் காத்திருப்பார்கள், கறுப்பு மைப் பேனா இரண்டு கொண்டு போ. முதல் நாள் அப்பாவையே லோரியில் இறக்கிவிடச் சொல்.